பொதுவா வணக்கம் கூடாது

அன்று காலை சாவி அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்து மணிக்கு விசாரணைக் குழு வருகிறது! மறைந்த பேராயருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கலாமா என்று விசாரிக்கிற மூன்று பேர், அவருடைய கல்லறையை நேரில் பார்த்து, அங்கே எல்லாம் முறைப்படி இருக்கிறதா என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பப் போகிறார்கள். 'சரி' என்று எழுதினால் ஃபைல் அடுத்த படிக்கு ஏறும். 'சரியில்லை' என்று எழுதினால் அத்தோடு கதை முடிந்தது. அந்தக் கல்லறை அறையின் சாவி பதினோரு வருஷமாக அவளுடைய இடுப்பில்தான் தொங்குகிறது. ஏதாவது ஏடாகூடமானால் பழி முழுக்க அவள் தலையில்தான் விழும்.

பேராலயத்தின் எல்லாச் சாவியும் அவளிடம்தான். அதனால் ஊருக்கே அவள் சாவி அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அந்த வேலையைக் கொடுத்தவர் பேராயர். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை பறிபோய், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவளைக் கூப்பிட்டுச் சாவிக்கொத்தைக் கையில் வைத்தார். "பேராலயத்துக்கு ஒரு பொம்பளையா?" என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். "அந்த நாலு பேரும் தினமும் விடிகாலை அஞ்சு மணிக்கு வந்து கதவைத் திறக்கறதா இருந்தா சொல்லுங்க, சாவியை அவங்ககிட்டயே கொடுத்துடறேன்" என்றார் பேராயர். நாலு பேரும் அதற்குப் பிறகு கண்ணில் படவே இல்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் அவர். அரண்மனை மாதிரி ஒரு வீட்டைக் கொடுத்தால் அதில் முக்கால்வாசியை வேலை இழந்த மில் தொழிலாளர்களின் குடும்பங்களுக்கு விட்டுவிட்டு, படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். காரை விற்று ஆம்புலன்ஸ் வாங்கிவிட்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனார். கோபமும் சும்மா இல்லை, சுருக்கென்று வரும். ஒரு தடவை பாடகர் குழுவைக் கத்தித் தீர்த்துவிட்டு, பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்து, கடைசி வரிசையில் நின்ற சின்னப் பெண் வரைக்கும் ஒவ்வொருவரிடமாக மன்னிப்புக் கேட்டார். இவரைப் புனிதர் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது? சாவி அக்காவுக்கு அதில் எள்ளளவும் சந்தேகம் கிடையாது. ஆனால் அதை வாயைத் திறந்து சொல்லக்கூடாது என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் கிடையாது.

அதற்குக் காரணம் ஒரு ஃபோன். பேராயரை அடக்கம் செய்த மறுநாள் ஊரே மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கல்லறைக்குத் திரண்டபோது, அன்றைய பங்கு ஃபாதர் ஏதோ பஸ்ஸில் போய்க்கொண்டே அவளைக் கூப்பிட்டார். இரைச்சலுக்கு நடுவே பாதிதான் காதில் விழுந்தது. "நல்லாக் கேட்டுக்கோம்மா. மேலிடத்துல சொல்றதுக்கு முன்னாடி நாமளே அவரைப் புனிதர்னு கொண்டாடினா ஃபைலைத் தூக்கி ஓரமா வெச்சிடுவாங்க. சட்டமே இருக்கு!" என்றார். அதோடு அந்தச் சட்டத்தையும் சொன்னார். அவள் அதைக் கேட்ட மாதிரியே ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, கல்லறை அறையின் கம்பிக் கதவில் மாட்டினாள்: 'பொதுவா வணக்கம் கூடாது.'

அன்றிலிருந்து பிடித்தது சனி. மெழுகுவர்த்தியோடு வந்தவர்களை வாசலோடு திருப்பினாள். பூவைப் பிடுங்கினாள். வெறுங்கையோடு வந்து கண்ணை மூடி நின்றவர்களைக்கூட விடவில்லை. "என்ன முணுமுணுப்பு? ஜெபமா? போர்டைப் படிக்கத் தெரியாதா? நடங்க நடங்க!" துடைப்பத்தோடு அவள் வருகிற வேகத்தைப் பார்த்தே பாதிப் பேர் ஓடிப்போனார்கள். 'பேராயர் மேல இவளுக்கு என்ன ஜென்மப் பகையோ' என்று ஊர் பேசியது. அடுத்தடுத்து வந்த பங்கு ஃபாதர்கள் நமக்கேன் வம்பு என்று அந்தப் பக்கமே தலை வைக்கவில்லை.

சொந்தத் தங்கச்சிக்கும் அதே கதிதான். தையல் வேலை செய்கிறவள், மகளுடைய பரீட்சைக்காக ஒரே ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து ஏற்றினாள். சாவி அக்கா அதை ஊதி அணைத்து, தங்கச்சியைக் கையைப் பிடித்துத் தெரு வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை.

ஊரை விடுங்கள், தன்னையே அவள் விடவில்லை. தினமும் கல்லறைக் கல்லைத் துடைக்கும்போது வாய் தன்னை அறியாமல் 'பேராயரே' என்று ஆரம்பித்துவிடுமோ என்று பயந்து, சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே துடைப்பாள். ஏழேழு நாற்பத்தொன்பது, ஏழெட்டு ஐம்பத்தாறு. பதினேழாம் வாய்ப்பாடு வரைக்கும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆறு வருஷத்துக்கு முன்னால் புருஷனுக்கு மாரடைப்பு வந்து, டாக்டர் கையை விரித்த அன்றைக்கும் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து கடவுளிடம்தான் நேரடியாகப் பேசினாள். "சாமி, இதை நீயே பாத்துக்கோ. அவரை இதுல இழுக்காதே. அவர் ஃபைல் கெட்டுப்போயிடும்." புருஷன் பிழைத்துக்கொண்டார்.

அந்தப் புருஷன்தான் அன்று காலை அவள் உயிரை வாங்கினார். அவர் எலக்ட்ரீஷியன், பேராலயத்து ஒயர் எல்லாம் அவர் கைவேலை. ஒன்பதரை மணிக்குக் கல்லறை அறையைக் கடைசியாக ஒரு பார்வை பார்க்கலாம் என்று போனால், ஏணி மேல் நின்றுகொண்டு சுவரிலிருந்த பேராயர் படத்துக்குப் பின்னால் என்னவோ முடுக்கிக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க பண்றீங்க?"

"இருட்டா இருக்கேம்மா. வர்றவங்களுக்கு முகம் தெரிய வேணாமா? பாரேன்!" என்று சுவிட்சைத் தட்டினார்.

பளிச்சென்று ஒரு வட்ட விளக்கு. சரியாகப் பேராயரின் தலையைச் சுற்றி.

சாவி அக்கா ஏணியைப் பிடித்து உலுக்கினாள். "அட பாவி மனுஷா! இது என்ன?"

"லைட்டு."

"தலையைச் சுத்தி வட்டமா இருந்தா அதுக்குப் பேரு லைட்டா? ஒளிவட்டம்! புனிதருங்களுக்குத்தான் அது! மொதல்ல கழட்டுங்க அதை!"

"புது லைட்டும்மா, இப்பத்தான் மாட்டினேன்..."

"கழட்டறீங்களா, இல்லே ஏணியைத் தள்ளவா?"

அவர் கழற்ற ஆரம்பித்தார். நாலு ஸ்க்ரூவில் மூன்று வந்துவிட்டது, நாலாவது பிடிவாதம் பிடித்தது. அவள் கீழே நின்று ஏணியையும் பிடித்துக்கொண்டு வாயையும் விடாமல் திட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று மேலேயிருந்து ஒரு கேள்வி வந்தது.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய். அதுக்கென்ன இப்போ?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நீ மார்க்கெட்டுக்குப் போகலையா?"

செவ்வாய்க்கிழமைகளில் பீடத்துக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்க அவள் மார்க்கெட்டுக்குப் போவது வழக்கம். பத்து மணிக்குப் போனால் திரும்ப மதியம் ஆகும். "விசாரணைக் குழு வர்ற அன்னைக்கு மார்க்கெட்டா? நேத்தே வாங்கியாச்சு. குழு வர்றதை யார்கிட்டயும் மூச்சு விடலை, தெரிஞ்சா ஊர்சனம் பூவும் கையுமா வந்து நிக்கும்" என்றாள். அவர் அவசரமாக இறங்கப் பார்த்தார். "நான் கொஞ்சம் வெளிய வாசல் வரைக்கும்..."

"ஸ்க்ரூவைக் கழட்டாம ஒரு அடி எடுத்து வெச்சீங்க, நடக்கறதே வேற!"

விளக்கு கையோடு வந்த அதே நொடியில் வராண்டாவில் செருப்புச் சத்தம் கேட்டது. குழு வந்துவிட்டது. அவள் விளக்கைப் பிடுங்கி, துடைக்கிற வாளிக்குள் போட்டு, மேலே துணியை மூடினாள்.

மூன்று பேர். தலைமை விசாரணை ஃபாதர், வழுக்கைத் தலையும் கனிவான முகமுமாக. கூடவே எதையும் நம்பாத கண்களோடு ஒரு நெட்டை ஃபாதர். லேப்டாப்போடு எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள ஒரு சிஸ்டர். தலைமை ஃபாதர் கம்பிக் கதவிலிருந்த அட்டையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். நெட்டை ஃபாதர் கல்லறையைச் சுற்றி வந்து, மூலையில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். தூசிகூட ஒட்டவில்லை.

சாவி அக்கா நற்செய்தி நூலின்மேல் கையை வைத்து, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தாள். உள்ளுக்குள் ஒரே குதூகலம். இதற்குத்தானே பதினோரு வருஷம் காவல் காத்தாள்!

"இங்கே யாராவது மெழுகுவர்த்தி ஏத்தறதுண்டா?"

"ஒரு தீக்குச்சி கிடையாது ஃபாதர்."

"பூ, மாலை?"

"ஒரு இதழ் கிடையாது."

"அவரைப் புனிதர்னு கூப்பிட்டு விழா, ஊர்வலம் எதாவது?"

"நடந்தா காலை ஒடச்சிருப்பேன் ஃபாதர்."

சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டினார். தலைமை ஃபாதர் தலையாட்டினார். "ரொம்ப நல்லது. ஜனங்க வந்து ஜெபிக்கறாங்களா?"

இதற்குத்தான் அவள் காத்திருந்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்: "ஈ காக்கா வராது ஃபாதர்!"

சிஸ்டரின் விரல்கள் நின்றன. தலைமை ஃபாதரின் முகம் வாடிவிட்டது. "ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்லை. நான் விட்டாத்தானே!"

நெட்டை ஃபாதர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அப்போ ஜனங்க மனசுல அவர் இல்லைன்னு எழுதிக்கலாமா?" தலைமை ஃபாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாவி அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எல்லாம் சரியாகத்தானே சொன்னாள்? பிறகு ஏன் மூன்று பேரும் சாவு வீட்டுக்கு வந்த மாதிரி நிற்கிறார்கள்?

அப்போதுதான் கம்பிக் கதவு கிறீச்சென்று திறந்தது.

உள்ளே வந்தவள் அவளுடைய தங்கச்சி. அக்காவைப் பார்த்ததும் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் ரொட்டிக்கடைக்காரர், பிறவியிலேயே காது கேட்காத, வாய் பேசாத மனிதர். அவருக்குப் பின்னால் பள்ளிக்கூட வாத்தியாரம்மா, ஆம்புலன்ஸ் டிரைவர், இன்னும் இருபது இருபத்தைந்து பேர். வராண்டா முழுக்கத் தலைகள். யார் கையிலும் ஒன்றும் இல்லை. எல்லோரும் சாவி அக்காவைப் பார்த்து, திருடப் போன இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி முழித்தார்கள்.

சாவி அக்காவுக்கு உலகமே சுற்றியது. போச்சு! பதினோரு வருஷ உழைப்பும் போச்சு! சத்தியம் செய்த கை இன்னும் நூலின்மேல்தான் இருக்கிறது. "ஃபாதர், இவங்க... இவங்க சும்மா மழைக்கு ஒதுங்க வந்தவங்க ஃபாதர்!" என்றாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"யாரும் போகாதீங்க" என்றார் தலைமை ஃபாதர். குரலில் புது உயிர் வந்திருந்தது. "எதுக்கு வந்தீங்க? சொல்லுங்க, பயப்படாதீங்க."

ஏணிக்குப் பின்னால் ஒளிந்திருந்த எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தார். "இவங்க மேல தப்பில்லை ஃபாதர். நான்தான் திறந்து விடறேன். செவ்வாய்க்கிழமை இவ மார்க்கெட்டுக்குப் போவா. என்கிட்ட இன்னொரு சாவி இருக்கு. வருவாங்க, சத்தமில்லாம நிப்பாங்க, மனசுக்குள்ள கேப்பாங்க, போயிடுவாங்க. ஒரு பூ கிடையாது, ஒரு வத்தி கிடையாது. இவ வந்து மோந்து பாத்தாக்கூடக் கண்டுபிடிச்சிடக் கூடாதில்லே?"

"எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷமா ஃபாதர். ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ நான் பேராயர்கிட்டதான் கேட்டேன். எழுந்து நடந்தா உங்ககிட்ட வர ஆசைப்படறவங்களுக்குக் கதவு திறந்து விடறேன்னு சொன்னேன். நடந்தேன். திறந்தேன்."

சாவி அக்கா புருஷனையே பார்த்தாள். ஒரே கூரைக்குக் கீழே ஆறு வருஷம்! "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொல்லியிருந்தா என்னையும் துடைப்பத்தால துரத்தியிருப்பே."

அது உண்மைதான் என்பதால் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அப்புறம் வாய்கள் திறந்துகொண்டன. ரொட்டிக்கடைக்காரர் கைகளால் கடகடவென்று பேச ஆரம்பித்தார். எலக்ட்ரீஷியன் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். தன் புருஷனுக்கு இந்தப் பாஷை எப்போதிலிருந்து தெரியும் என்று அவளுக்கு அடுத்த ஆச்சரியம். பேராயர் அறுபத்திரண்டு வயதில் காது கேளாதோர் பள்ளியில் குழந்தைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து கைமொழி கற்றுக்கொண்டாராம், காது கேளாதவர்கள் தங்கள் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க வேண்டும் என்பதற்காக. முதல் தடவை 'உன் பாவம் மன்னிக்கப்பட்டது' என்று சொல்ல வேண்டியதைக் கைதவறி 'உன் செருப்பு மன்னிக்கப்பட்டது' என்று சொல்லிவிட்டாராம். ரொட்டிக்கடைக்காரர் முட்டி போட்டபடியே சிரித்துவிட்டார், பேராயரும் சிரித்துவிட்டார். "அதுவரைக்கும் கடவுளுக்கு என் பாஷை தெரியாதுன்னு நினைச்சிருந்தேன்" என்று ரொட்டிக்கடைக்காரரின் கைகள் சொன்னபோது நெட்டை ஃபாதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தங்கச்சியின் முறை வந்தது. "மொதல்ல என் பொண்ணு பரீட்சைக்காகக் கேட்டேன் ஃபாதர். பாஸ் பண்ணிட்டா. இப்போ வேற ஒண்ணு கேக்கறேன். கோவத்துல எங்க அக்காகிட்டப் பேசறதை நிறுத்திட்டேன். திரும்ப ஆரம்பிக்க எனக்கு வாய் வரமாட்டேங்குது. அதுக்குத்தான் வாராவாரம் வர்றேன்."

சாவி அக்காவுக்கு அழுகை முட்டியது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. தலைமை ஃபாதரின் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஃபாதர், இதையெல்லாம் எழுதிடாதீங்க! ஜெபம் பண்ணினாங்கன்னு தெரிஞ்சா ஃபைல் கெட்டுடும். தப்பு என்மேலதான், நான் சரியாப் பாத்துக்கலை. என்னை வேலையை விட்டுத் தூக்கிடுங்க, அவரைத் தள்ளிடாதீங்க!"

"ஜெபம் பண்ணினா ஃபைல் கெடும்னு யாரும்மா சொன்னது?"

அவள் அட்டையைக் காட்டினாள். "சட்டம் ஃபாதர். பொதுவா வணக்கம் கூடாது. எந்த வணக்கமும் கூடாது."

தலைமை ஃபாதர் கதவருகே போய் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரே ஓர் எழுத்தை அடித்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

'பொது வணக்கம் கூடாது.'

"சட்டம் இதும்மா. விளக்கேத்தி, மாலை போட்டு, ஊர் கூடிப் புனிதர்னு கொண்டாடறது பொது வணக்கம். அதுதான் இப்போ கூடாது. ஒருத்தர் தனியா வந்து, மனசுக்குள்ள 'பேராயரே, எனக்காகக் கடவுள்கிட்டப் பேசுங்க'ன்னு கேக்கலாம். தாராளமாக் கேக்கலாம். அப்படி ஜனங்க கேக்கறாங்களான்னு பாக்கத்தான் நாங்க வந்ததே. யாருமே கேக்கலைன்னாதான் ஃபைல் நிக்கும்."

எலக்ட்ரீஷியனுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அடியே, நீ கூடுதலாப் போட்ட எழுத்து என்ன தெரியுமா? 'வா'! 'வா'ன்னு எழுதி வெச்சுட்டு வந்தவங்களையெல்லாம் துரத்தியிருக்கே!"

வராண்டா முழுக்கக் குபீரென்று சிரித்தது. சிஸ்டர் லேப்டாப்பை மூடிக்கொண்டு சிரித்தார். நெட்டை ஃபாதர்கூடப் பல்லைக் காட்டினார். சாவி அக்காவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது உடைந்து, சின்னக் குழந்தை மாதிரி விக்கி விக்கி அழ ஆரம்பித்துவிட்டாள். தங்கச்சி ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். "அக்கா, அழாதேக்கா" என்றாள். மூன்று வருஷமாக வராத வார்த்தை தானாக வந்ததை அவளே கவனிக்கவில்லை.

தலைமை ஃபாதர் சிஸ்டரிடம் லேப்டாப்பைத் திறந்து எழுதச் சொன்னார். "பொது வணக்கத்துக்கான அடையாளம் எதுவும் இல்லை. தனிப்பட்ட ஜெபம் உண்டு, மிகுதியாக உண்டு. கல்லறையில் தடை ஏதும் காணவில்லை." சிஸ்டர் அதை அறிக்கைத் தாளிலும் எழுதி நீட்ட, நெட்டை ஃபாதர் பேனாவை வாங்கி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். வராண்டாவில் கைதட்டல் கிளம்பியது. ரொட்டிக்கடைக்காரர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் படபடவென்று ஆட்டினார். காது கேளாதவர்கள் கைதட்டுவது அப்படித்தான்.

"கடைசியா ஒரு கேள்வி" என்றார் தலைமை ஃபாதர் சாவி அக்காவிடம். "நீங்க இவர்கிட்ட என்ன கேட்டிருக்கீங்க?"

"ஒண்ணுமே கேட்டதில்லை ஃபாதர்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பதினோரு வருஷமா தினமும் இவர் பக்கத்துலதான் இருக்கேன். ஒரு வார்த்தை பேசினதில்லை."

"இப்பப் பேசலாமே."

"பேசலாமா ஃபாதர்? நிஜமாவா?"

"பேசலாம்மா."

அவள் கல்லறைப் பக்கம் திரும்பினாள். கேட்பதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. புருஷனுடைய நெஞ்சு, தன்னுடைய முட்டிவலி, ஒழுகுகிற வீட்டுக் கூரை. எதுவும் வாயில் வரவில்லை. மெல்ல முட்டி போட்டு, கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"பெரியவரே," என்றாள், "சௌக்கியமா இருக்கீங்களா?"

சிஸ்டர் தலையை நிமிர்த்தி, இதையும் எழுதுவதா என்று கண்ணாலேயே கேட்டார். தலைமை ஃபாதர் எழுதச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, மற்றவர்களை வராண்டாவுக்கு அழைத்துக்கொண்டு போய்க் கதவை மெதுவாகச் சாத்தினார்.